கொழுந்து மாடியில் காய்ந்த டேஷ்போர்டு

நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் ஒரே அலுமாரியில் பூட்டி வைத்துத் திறந்தால் ஒரு வாசனை வரும். ரெசின் என்கிற பிசினின் வாசனை கிட்டத்தட்ட அதுதான்... இனிப்பாகத் தொடங்கி மண்டையில் போய் உட்காரும்.

அறுபதுகளின் தொடக்கம். இலங்கையில், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். என் வீட்டுக்காரர் அங்கே டீமேக்கர், தேயிலைத் தயாரிப்புக்கே பொறுப்பானவர். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து அந்த வேலைக்கு வந்தவர் அந்தத் தோட்டத்தில் அவர் ஒருவர்தான். எப்போது சறுக்குவார் என்று ஆபீஸில் சிலர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தொரையின் பழைய காரை வாங்கியிருந்தோம். ஈரம் குடித்துக் குடித்து அதன் மர டேஷ்போர்டு அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. சாமான் எதுவும் வெளிநாட்டிலிருந்து வராத காலம் அது. கொழும்பில் படகு கட்டும் நண்பர் ஒருவர் ஒரு டின் ரெசினும், அதைக் கெட்டியாக்கும் மருந்தும், கண்ணாடி நாரில் நெய்த துணியும் கொடுத்தனுப்பினார்.

"ஃபைபர் கிளாஸாம் பாக்கியம்... இனி மழைக்குப் பயமில்ல" என்றார் இவர்.

வேலை நடந்தது என் சமையலறை மேசையில். களிமண்ணில் அச்சு பிடித்து, மெழுகு பூசி, துணியை விரித்து, பிரஷ்ஷால் ரெசின் தடவினார். வைக்கோல் சுணை பட்டது போல இரண்டு பேருக்கும் கை அரித்தது. அதில் நான் உட்காரும் பக்கத்தில் பவுடர் டப்பா வைக்க ஒரு சின்னப் பெட்டியும் செய்தார். பொங்கலுக்கு லுணுகலையில் அம்மா வீட்டு வாசலில் அந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஆனால் மார்கழி மழை. நான்கு நாளாகியும் ரெசின் பலாப்பிசின் மாதிரி கையில் ஒட்டியது. காய்வதற்குச் சூடு வேண்டும். அங்கே எப்போதும் சூடான காற்று ஓடும் இடம் ஒன்றுதான். நாங்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலை ஃபேக்டரியின் மேல்மாடி. கொழுந்து வாட்டுகிற இடம்.

தேயிலை, பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். மல்லிகைப்பூ வைத்து வந்த பெண்ணை ஸ்டோர் வாசலிலேயே நிறுத்திப் பூவை எடுக்கச் சொன்னவர் இவர். அவரேதான் டேஷ்போர்டைக் கொண்டுபோய் அந்த மாடியில் சாய்த்து வைத்தார். ரெசினோடு கிடந்து கிடந்து அவருக்கு மூக்கே செத்துப்போயிருந்தது. அது அவருக்கே தெரியாது. டேஷ்போர்டை அங்கே வைத்ததை என்னிடமும் சொல்லவில்லை. மாடியில் வேலை செய்தவர்கள், ஐயாவின் சாமான் என்று வாய் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஸ்டோரிலிருந்து வந்த புதுத் தூளில் தேத்தண்ணி ஊற்றினேன்.

"ஏங்க, இதுல ஒங்க டின் வாசன அடிக்குதுங்க."

குடித்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

பெருங்காய டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அதுவும் தெரியவில்லை. டப்பாவை வாங்கி மறுபடி மறுபடி மோந்தார். பிறகு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தேயிலைப் பெட்டிகள் பதுளை ஸ்டேஷனுக்கு லொறி ஏறத் தயாராக இருந்தன. கொழும்பில் ருசி பார்ப்பவர்கள் ஒரு மடக்கில் கண்டுபிடித்துவிடுவார்கள். வேலை போகும். நாங்கள் இருந்த வீடும் தோட்டத்து வீடுதான்.

அப்போது நான்தான் ஒரு யோசனை சொன்னேன்.

"முத்தையா எண்ணெய சிந்திட்டான்னு சொல்லிருங்க."

முத்தையா மெஷினுக்கு எண்ணெய் விடுபவர். நாலு பிள்ளைக்காரர்.

இவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீயா பேசுற?" என்றார். அவ்வளவுதான்.

டேஷ்போர்டைத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்து மேனேஜரின் பங்களாவுக்கு நடந்தார். பெரிய தொரை கத்தவில்லையாம். அதை மோந்து பார்த்துவிட்டு லொறியை நிறுத்தச் சொன்னாராம். டீமேக்கர் வேலை போனது. கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். மறுபடி டீமேக்கராக அவருக்குப் பல வருஷம் ஆனது.

பொங்கலுக்கு முன்பே வீட்டைக் காலி செய்தோம். அதே காரில்தான் போனோம். டேஷ்போர்டு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. முத்தையாதான் வந்து எங்கள் சாமான்களை ஏற்றிக் கட்டினார். "ஐயா இல்லாம ஸ்டோரு நல்லாருக்காதுங்கம்மா" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் தம்பி மகள் புதுக் கார் எடுத்து வந்தாள். டேஷ்போர்டில் படம் ஓடுகிறது, வழி சொல்கிறது. உள்ளே ஏறியதும் மூச்சை ஆழமாக இழுத்து, "புதுக் கார் வாசம்... எனக்கு ரொம்பப் பிடிக்கும் அத்தை" என்றாள். இப்போது இந்த வாசனையைப் போத்தலில் அடைத்தே விற்கிறார்களாம்.

இவர் போய்ப் பதினோரு வருஷம். அன்று காலை நான் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் ஒரு நாள்கூட எடுத்துப் பேசவில்லை.

வயதாகி எனக்கும் மூக்கு மங்கிவிட்டது. அந்தப் புதுக் காரில் மட்டும் அது நன்றாக வேலை செய்தது; அதே டின் வாசனை. கண்ணாடியை இறக்கச் சொன்னேன்.

"ஏசி போட்டிருக்கேன் அத்தை" என்றாள்.

பரவாயில்லை, இறக்கு என்றேன்.