விரலோடு வந்த கொத்து

சிறுசேரியில் வேலை பார்க்கும் நான், படூரில் தோழி ரேவதியோடு தங்கியிருக்கிறேன். பார்லரில் பிளீச் செய்த என் முடி, ஆசைப்பட்ட வெளிர்பொன் நிறத்துக்கு வராமல் ஆரஞ்சாக நின்றுவிட்டது. அலுவலகத்தில் ஒருவர் பார்த்துச் சிரிக்கவும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ஞாயிறே பிளீச் பவுடர் வாங்கிவந்து நானே கலந்தேன்.

மாமல்லபுரத்துப் பெண்ணான ரேவதி தடுத்தாள். "இன்னாடி நீ, ஏற்கெனவே பண்ண முடி நாராட்டம் கீது. அது மேலயே மறுபடியும் பூசுவியா?"

நான் கேட்கவில்லை. வேரிலிருந்து நுனிவரை தடவி, பிளாஸ்டிக் கவரால் இறுக்கிக் கட்டினேன். தலை எரிந்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கவரைத் தொட்டுப் பார்த்த ரேவதி, "அய்யோ, கொதிக்குதுடி!" என்று என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். திட்டிக்கொண்டே அலசியவள் சட்டென்று கையை எடுத்தாள். பின்கழுத்து முடி ரப்பர் போல நீண்டு, ஒரு கொத்தாக அவள் விரலோடு வந்துவிட்டது. எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

தலைத்தோல் புண்ணாகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். இப்போதெல்லாம் பிளீச் செய்த முடியில் மறுபடி பிளீச் தடவுவதில்லை. ஆரஞ்சைத் தணிக்க, நிறத்தை மட்டும் மாற்றும் டோனர் பூச்சே போதும். அதற்கும் முன்னால் ஒரு முடியை நனைத்து இழுத்துப் பார்ப்பேன். நீண்டுகொண்டே போனால் எதையும் தடவமாட்டேன்.

ஆனாலும் குளிக்கும்போது இன்னும் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் ரேவதியின் விரலில் அந்தக் கொத்து தொங்குகிறது. நான் ஆசைப்பட்ட அதே வெளிர்பொன் நிறத்தில்.