உஸ்மான் சாலையில் தவறிப்போன நூறு மீட்டர்

ஊருக்குத் திரும்பும் ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கிறது. மழைக்கு ஒதுங்கி, தி. நகர் உஸ்மான் சாலையில் ஒரு டிவி கடைக்குள் நிற்கிறேன். சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் உலகத் தடகளப் போட்டி, பெண்களுக்கான நூறு மீட்டர் இறுதி ஓட்டம். எட்டுப் பேரும் குனிந்து விரல்களைத் தரையில் ஊன்றுகிறார்கள். என் பக்கத்தில் புர்கா அணிந்த ஒரு பெண், சீருடையிலிருக்கும் தன் மகளின் தோளை இறுகப் பிடித்திருக்கிறார்.

சட்டென்று எல்லாத் திரைகளிலும் கிரிக்கெட். அதுவும் பழைய ஆட்டம்.

"இன்னாப்பா, ஓடப் போறாங்கல்ல? ஏன் மாத்தினே?" என்கிறார் அந்தத் தாய்.

"பொம்பளைங்க ஓடுறத யாரு பாக்கப் போறாங்கக்கா? கஸ்டமருங்க கிரிக்கெட்டுதான் கேக்குறாங்க" என்கிறார் ரிமோட் வைத்திருக்கும் விற்பனையாளர்.

"அப்ப நான் கஸ்டமர் இல்லியா? டிவி வாங்கத்தான வந்துகீறேன்? என் பொண்ணு ஸ்கூல்ல நூறு மீட்டர் ஓடுது. மாத்து நைனா!"

எனக்கும் கோபம் தலைக்கேறுகிறது. "பத்து செகண்டுதான் சார், போடுங்க!" என்று கத்துகிறேன். அவர் சிரித்தபடி, அவசரமேயில்லாமல் மாற்றுகிறார்.

ஓட்டம் முடிந்துவிட்டது. ஒருத்தி தடத்தில் மண்டியிட்டு அழுகிறாள். ஜெயித்து அழுகிறாளா, தோற்று அழுகிறாளா, தெரியவில்லை.

"யாரும்மா ஃபர்ஸ்ட்டு?" என்கிறாள் சிறுமி.

"ரிப்ளே போடுவாங்கக்கா, இருங்க" என்கிறார் விற்பனையாளர்.

"ஓடி முடிச்சப்புறம் பாக்குறதா? உன் டிவிய நீயே வெச்சுக்க."

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மழையில் இறங்குகிறார். நானும் அந்தக் கடையில் நிற்கப் பிடிக்காமல் இறங்கி நனைகிறேன்.