ஐந்து பெட்டியிலும் உருண்டைச் சோறு

கடோவாகி மிட்சுஹாரு முப்பத்தோரு வருடம் மட்சுயே நகரப் பேருந்தை ஓட்டியவர். ஏரிக்கரையில் தொடங்கி, கோட்டை அகழியை ஒட்டி வளைந்து, ரயில் நிலையத்தில் முடியும் தடம். அகழிப் பாலத்தில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அங்கே நின்றால் இடப்பக்கம் கிஷிபே உணவகத்தின் வாசல் தெரியும். அந்தப் பருவத்துப் பென்டோவில், அதாவது பெட்டிச் சாப்பாட்டில், என்னென்ன இருக்கும் என்பதைத் தூரிகையால் எழுதி வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். மிட்சுஹாரு ஒருநாளும் உள்ளே போய்ச் சாப்பிட்டதில்லை. ஆனால் அந்தத் தாளை முழுதும் வாசிக்காமல் பாலத்தைக் கடந்ததுமில்லை.

"மூங்கில் குருத்து வந்தாச்சு" என்பார் வீட்டுக்கு வந்து.

"நம்ம வீட்டுக்கா?" என்பாள் மனைவி கிவாகோ.

"இல்ல, கிஷிபேக்கு."

"அப்ப அங்கயே போய் காலை நீட்டிப் படுத்துக்க வேண்டியதுதானே."

இரண்டு வருடத்துக்கு முந்தைய நவம்பரில், பணிமனை ஓய்வறையில் தேநீர்க் கோப்பையை எடுக்கப் போன அவருடைய வலது கை, கோப்பையைத் தொட்டது, எடுக்க மறந்துவிட்டது. மூளையில் அடைப்பு. அதற்குப் பதினோரு நிமிடம் முன்னால்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தார். அந்தப் பதினோரு நிமிடத்துக்காக இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார், யாரிடம் சொல்வது என்று தெரியாமலேயே.

கால் திரும்பி வந்தது. பேச்சும் வந்தது, கொஞ்சம் நிதானமாக. வலது கை மட்டும் வரவில்லை. இடக்கையால் எழுதப் பழகினார், சவரம் செய்யப் பழகினார். சாப்பாட்டுக் குச்சிதான் வசப்படவில்லை. வீட்டில் கரண்டியால் சாப்பிட்டார். கிவாகோ எதையாவது தன் குச்சியால் எடுத்து நீட்டுவாள். அவர் கரண்டியில் வாங்கிக்கொள்வார்.

பிப்ரவரியில் மகள் நாகிசா வந்து சொன்னாள்: ஏப்ரல் இரண்டாவது ஞாயிறு, மதியம், இரண்டு வீட்டாரும் முதல்முறையாகச் சேர்ந்து சாப்பிடுவது என்று முடிவாகியிருக்கிறது. இடம் கிஷிபே. மாப்பிள்ளைப் பையன் ஷூட்டா. அவனுக்கு அம்மா மட்டும்தான். பெயர் ஃபுகுமா சுமியே, சகாய்மினாட்டோ மீன் சந்தையில் கடை வைத்திருக்கிறார்.

"அவங்களுக்கு என் கையப் பத்தித் தெரியுமா?"

"இன்னும் சொல்லலப்பா. ஷூட்டா சொல்லிடலாம்னுதான்..."

"வேண்டாம்."

"ஏம்பா?"

"ஒத்தப் புள்ளைய வளர்த்தவங்க. பொண்ணு வீட்டுக்குப் போனா அவ அப்பனையும் சேர்த்துக் கவனிக்கணும் போலிருக்கேன்னு மொத நாளே தோணக் கூடாது. நல்லபடியா முடிவாகட்டும். அப்புறம் நானே சொல்றேன்."

அன்றிலிருந்து ஒரு கிண்ணத்துச் சோயா மொச்சையை இடக்கைக் குச்சியால் இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றுவதே அவருக்கு வேலையாக இருந்தது. முதலில் பாதி பயறு தரையில் கிடந்தது. மார்ச் கடைசியில், நூற்றில் நான்கைந்துதான் தவறியது.

அந்த ஞாயிறும் வந்தது.

கிஷிபே வாசலில் செருப்புமாடத்தருகே உட்கார்ந்து இடக்கையால் காலணியைக் கழற்றினார். கிவாகோ உதவிக்குக் குனிந்தாள். அவர் முறைத்த முறைப்பில் நிமிர்ந்துவிட்டாள். அவர்களை வரவேற்க மண்டியிட்டிருந்த பணிப்பெண், ஐம்பதைத் தாண்டியவர், இகுயே என்று பெயர். கோட்டுப் பையில் செருகியே கிடந்த வலது கையை அவர் பார்த்தார். பிறகு, பார்க்காதவர் போலவே அகழிப் பக்கம் திரும்பி, "செர்ரிப் பூ எல்லாம் நேத்து மழையில கொட்டிடுச்சுங்க. தண்ணி மேல பாத்தா இன்னும் இருக்கு" என்றார். அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்துவிட்டு, வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் சமையலறைப் பக்கம் போனார்.

சுமியே சத்தமாகப் பேசுகிறவர். சந்தையில் முப்பது வருடம் கூவிய தொண்டை, அந்தச் சின்ன அறைக்குள் அடங்க மறுத்தது. ஆனால் முறை தெரிந்தவர். சாக்கே என்ற அரிசி மதுவின் குடுவையை இரண்டு கையாலும் எடுத்து, "கடோவாகி சான், முதல்ல உங்களுக்கு" என்று நீட்டினார். மிட்சுஹாரு இடக்கையால் கோப்பையை நீட்டி வாங்கிக்கொண்டார். வலது கை மேசைக்கு அடியில், தொடை மேல் கிடந்தது. முறைப்படி, இப்போது அவர் குடுவையை இரண்டு கையாலும் வாங்கி சுமியேவுக்கு ஊற்ற வேண்டும். சுமியே குடுவையை நீட்டியபடியே இருந்தார். கிவாகோ பாய்ந்து குடுவையை எடுத்து ஊற்றினாள். "நான் ஊத்தறேன், நான் ஊத்தறேன், அவர் ஊத்தினா சிந்திடுவார்" என்று சிரித்தாள். சுமியேவும் சிரித்தார், உதட்டால் மட்டும். மிட்சுஹாருவின் கண்ணில் அது படவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தார்.

பென்டோ வந்தது. கறுப்பு அரக்குப் பெட்டிகள், ஐந்து. மூடியை இகுயே ஒவ்வொன்றாக எடுத்தார். நான்கு அறை. ஒன்றில் சுட்ட கொடுவா மீன், ஒன்றில் கடுகுப் பூத்தண்டும் முட்டைச் சுருளும், ஒன்றில் வேகவைத்த காய்கள், கடைசியில் மூங்கில் குருத்துச் சோறு. பக்கத்தில் ஏரி மட்டி சூப், மூடிபோட்ட கிண்ணத்தில்.

மிட்சுஹாருவுக்கு முதலில் பயம் அந்தக் கிண்ணத்தின் மேல்தான். ஆவி பிடித்து இறுகிய மூடியை எடுக்க ஒரு கை கிண்ணத்தை அழுத்த வேண்டும், இன்னொரு கை மூடியைத் திருக வேண்டும். இடக்கையை வைத்தார். மூடி தானாகவே வந்தது. ஒரு நூல் அளவு முன்பே விலக்கி வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் மற்றதையெல்லாம் கவனித்தார். குச்சிகளின் முனை எல்லோருக்கும் இடப்பக்கம் பார்த்திருந்தது. அவருக்கு மட்டும் வலப்பக்கம், இடக்கையால் எடுக்க வாகாக. கொடுவா முள் நீங்கி, ஒரு வாய்க்கு ஒரு துண்டாக இருந்தது. தட்டோரம் வைத்த சீட்டில் "சுரைக்காய் வடிவில் அழுத்திய குருத்துச் சோறு" என்று எழுதியிருந்தது. பெட்டியில் சுரைக்காய் இல்லை. நெல்லிக்காய் அளவில் ஏழு சோற்று உருண்டைகள். அவர் தலையைத் தூக்கி மற்ற பெட்டிகளைப் பார்த்தார். நாகிசாவுக்கும் உருண்டை. ஷூட்டாவுக்கும். சுமியேவுக்கும். ஒரு பெட்டிகூட வேறுபட்டிருக்கவில்லை. காலணி கழற்றியதற்கும் பெட்டி வந்ததற்கும் நடுவிலிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், ஐந்து பேருடைய சோற்றையும் உள்ளே யாரோ கலைத்து மறுபடி பிடித்திருக்கிறார்கள்.

இகுயேவைப் பார்த்தார். அவர் தேநீர்க் குடுவையின் மூடியைச் சரிசெய்வதில் முனைப்பாக இருந்தார்.

முதல் உருண்டை குச்சிக்குள் சமர்த்தாக உட்கார்ந்தது. மொச்சைக்கு நடுவில் வளர்ந்த விரல்களுக்கு அது பெரிய விஷயமில்லை. குருத்தின் மெல்லிய கசப்பு, மேலே கிள்ளிப்போட்ட தளிரின் காரம். முப்பத்தோரு வருடமாகச் சிவப்பு விளக்கில் நின்று வாசித்ததன் ருசி இது. இன்னொன்று எடுத்தார். மீன். கடுகுத் தண்டு. கிவாகோ ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். அவளுக்கு இரண்டு கோப்பை சாக்கே போதும், கன்னம் சிவந்துவிடும்.

சமையலறைக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. காய்களின் நடுவில் ஒரு காடை முட்டை. வெந்து, சாறு ஊறி, வழுவழுவென்று. குச்சி பட்டதும் நழுவியது. மறுபடி நழுவியது. மூன்றாம் முறை பெட்டி விளிம்பைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தது. கிவாகோ சட்டென்று தன் குச்சியால் அதைப் பிடித்து, வீட்டில் செய்வது போலவே அவர் முன்னால் நீட்டினாள். வீட்டில் கரண்டி இருக்கும். இங்கே அவர் கையில் இருந்தது குச்சி. யோசிக்காமல் அதைக் கொண்டுபோய் முட்டையைப் பிடித்துக்கொண்டார்.

குச்சியிலிருந்து குச்சிக்கு.

ஈமச் சடங்கில்தான் அப்படிச் செய்வார்கள். எரித்த பிறகு எஞ்சிய எலும்பை இரண்டு பேர் குச்சியால் பிடித்துக் கலசத்துக்குள் கொண்டுசேர்ப்பார்கள். சாப்பாட்டில் அது கூடாதென்று மூன்று வயதுக் குழந்தைக்கும் சொல்லி வளர்த்திருப்பார்கள். அதை, கல்யாணம் பேச வந்த இடத்தில்.

சுமியே தன் குச்சியைக் கீழே வைத்தார். சத்தமே வராமல் வைத்தார். அவ்வளவு நேரம் முழங்கிய குரல் நின்றுபோனதில் அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. நாகிசாவின் முகம் வெளுத்தது. கிவாகோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

முட்டையைப் பெட்டியில் விட்டுவிட்டு, மிட்சுஹாரு குச்சியைக் கீழே வைத்தார். இடக்கையை மேசைக்கு அடியில் விட்டு, வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, மேசை மேல் வைத்தார். யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை மாதிரி அது அங்கே கிடந்தது.

"எம்மேலதான் தப்பு. அவள ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. இது ரெண்டு வருஷமா வேலை செய்யல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் இவங்க வாயை அடைச்சேன்."

சுமியே கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"அப்ப, நான் ஊத்தினப்ப நீங்க திருப்பி ஊத்தாதது?"

"இதனாலதான்."

"ஒத்தக் கையால கோப்பைய நீட்டினது?"

"அதுவும்."

"அடக் கடவுளே!" குரல் திரும்பி வந்துவிட்டது. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? மீன் அறுக்கிறவ பெத்த புள்ளைன்னு மனுஷன் முகம் கொடுக்க மாட்டேங்கிறார்னு நினைச்சேன். இந்தச் சோத்த முடிச்சிட்டு, சண்டை போடாம எப்படி எழுந்து போறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்!"

"அம்மா..." என்றான் ஷூட்டா.

"நீ பேசாத. உனக்குத் தெரியும்தானே? கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்கியே!"

கிவாகோ தலையைக் குனிந்தாள். "மன்னிச்சிடுங்க. நல்ல நாளும் அதுவுமா, குச்சியால..."

சுமியே தேநீர் ஒரு மடக்கு குடித்தார். "மூணு வருஷம் முன்னால இவன் அப்பாவோட எலும்ப நானும் இவனும் அப்படித்தான் பிடிச்சோம். அதான் நெஞ்சுல சட்டுனு ஏதோ அடைச்சிடுச்சு" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சினார். "ஆனா அந்த மனுஷன் இப்ப இங்க இருந்திருந்தா, நீங்க ரெண்டு பேரும் பிடிக்கறதுக்குள்ள முட்டைய அவர் தின்னிருப்பார்."

முதலில் சிரித்தது ஷூட்டாதான். அடக்கப் பார்த்து முடியாமல். பிறகு நாகிசா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"எனக்கு ஒரே பயம்தான்" என்றார் மிட்சுஹாரு. "உங்க பையன் தலையில ஒரு பாரத்த ஏத்தறோம்னு நீங்க..."

"நடந்துதானே வந்தீங்க? இவன் முதுகுல ஏறி வரலியே?"

"நடந்துதான் வந்தேன்."

"அப்புறம் என்ன? முட்டையச் சாப்பிடுங்க சம்பந்தி. குத்தி எடுங்க."

"குத்தறதும் முறையில்லையே."

"இன்னிக்கு எல்லாத் தப்பையும் ஒரேயடியா முடிச்சிடுவோம். கல்யாணத்துக்கு மிச்சம் வைக்க வேணாம்."

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டு நாகிசா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மிட்சுஹாரு முட்டையைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு சுமியே தன் காலிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி அவர் முன்னால் நீட்டினார். அவர் இடக்கையால் குடுவையைத் தூக்கினார். கோப்பைக்கு எவ்வளவு போனதோ, சுமியேவின் விரல்களில் அவ்வளவு வழிந்தது.

"பாத்தீங்களா, சிந்துவார்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள் கிவாகோ.

"சிந்தட்டும், சிந்தட்டும். மீன் நாத்தம் போகும்."

ஜூனா அக்டோபரா என்று பேச்சு போனது. ஜூனில் மழை என்றாள் கிவாகோ. அக்டோபரில் நண்டுப் பருவத்துக்குக் கடையைத் தயார் செய்யும் வேலை தலைக்கு மேல் இருக்கும் என்றார் சுமியே. செப்டம்பரில் வந்து நின்றார்கள்.

இகுயே பெட்டிகளை எடுக்க வந்தபோது, மிட்சுஹாரு எழுந்திருக்கப் பார்த்தார். முடியாமல், உட்கார்ந்தபடியே தலை தாழ்த்தினார்.

"சீட்டுல சுரைக்காய்னு போட்டிருந்துது."

"ஆமாங்க" என்றார் இகுயே. "எங்க சமையல்காரருக்குக் கோபம். சுரைக்காய் அச்சுல அழுத்தி வச்சப்புறம் மாத்தச் சொல்றியேன்னு. அப்புறம் பாத்தா, எனக்கு முன்னாடி அவர்தான் உருட்டிட்டிருந்தார்."

"எனக்கு மட்டும் செஞ்சிருந்தாலே பெரிசு. அஞ்சு பேருக்கும்..."

"ஒரு மேசைக்கு ஒரே சாப்பாடுதாங்க. அப்படித்தான் இங்க." சற்றுத் தயங்கி, "முட்டைய நான் கவனிக்கல. அதுக்கு நீங்கதான் மன்னிக்கணும்" என்றார்.

"அந்த முட்டைக்கும் சேர்த்துத்தாம்மா நன்றி சொல்றேன்" என்றார் மிட்சுஹாரு.

இகுயேவுக்கு அது புரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் சிரித்துத் தலையசைத்துவிட்டு, அடுக்கிய பெட்டிகளோடு வெளியே போனார்.

சாப்பாடு முடிந்ததற்கு வணங்க எல்லோரும் கைகூப்பினார்கள். மிட்சுஹாரு மேசை மேல் கிடந்த வலது கையை இடக்கையால் நிமிர்த்தி, உள்ளங்கையோடு உள்ளங்கையைப் பொருத்தினார். சுண்டுவிரல் மட்டும் மடங்கியே நின்றது. அவர் அதை மறைக்கவில்லை. தலை குனிந்து கண்ணை மூடினார். மற்றவர்கள் கையை இறக்கிய பிறகும் அப்படியே இருந்தார். சமையலறை வாசலில் இகுயேவும் வெள்ளைத் தொப்பியணிந்த ஒருவரும் நின்று பார்ப்பது அவருக்குத் தெரியாது. அவசரம் ஒன்றுமில்லை என்பதுபோல, மற்ற நால்வரும் அவர் கண் திறக்கும்வரை காத்திருந்தார்கள்.