பூச்சோங் அங்கிள் தலைக்கு மேலே ஒரு கடற்காகம்

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கேஎல் சென்ட்ரலில் போர்ட் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலைப் பிடித்தோம். பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவர்களுக்கு அது நடக்கிற தூரம்தான். கட்டணம் ஐந்து மலேசிய வெள்ளிக்குச் சற்று மேல். தூரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். என்னோடு வந்தவர் ஸ்டெல்லா அக்கா, கிளினிக் நர்ஸ், எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. பல வருடங்களாகப் பறவை பார்ப்பவர். நான் அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதை கேட்கிறவன்.

போன வாரம் போர்ட் கிள்ளான் படகுத் துறையில் அவர் ஒரு கருவால் கடற்காகத்தைப் பார்த்துவிட்டார். ஜப்பான், கொரியா கரைகளில் வாழ்வது. நம் பக்கம் அதற்கு வேலையே இல்லை. கலங்கலாக ஒரு படம் எடுத்துப் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். வருடா வருடம் வரும் பழுப்புத் தலைக் கடற்காகம்தான் என்றார் ஒருவர். ஜப்பானில் எடுத்த படமா என்று சிரித்தார் இன்னொருவர்.

"பொய் சொல்றேன்னு சொன்னாகூட பரவால்ல லா. கண்ணாடிய மாத்துங்கன்னு சொன்னான் பாரு, அதான் தாங்கல" என்றார் அக்கா. ஷா ஆலாம் தாண்டும்வரை அதே பேச்சு.

ஒன்பதுக்குள் இறங்கினோம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே படகுத் துறை. டீசல் வாடை, கருவாட்டு வாடை, புலாவ் கெத்தாம் தீவுக்குப் போகிறவர்களின் வரிசை. தண்ணீரில் நின்ற மரத்தூண்களில் பழுப்புத் தலைகள் ஆளுக்கொன்றாய் உட்கார்ந்திருந்தன. கடைசித் தூணில் கொஞ்சம் பெரிய உருவம்: கருஞ்சாம்பல் முதுகு, மஞ்சள் அலகு, அலகு நுனியில் கறுப்பும் சிவப்பும். வெற்றிலை போட்டுவிட்டு வாயைத் துடைக்க மறந்ததுபோல.

அக்கா என் கையை அழுத்தினார். "இன்னும் இருக்கு."

ஆனால் வேண்டியது வால். வெள்ளை வாலில் அகலமான கறுப்புப் பட்டை தெரிந்தால் யாரும் வாய் திறக்க முடியாது. உட்கார்ந்திருக்கும்போது இறக்கை மூடிக்கொள்கிறது. ஆகவே அது பறக்க வேண்டும். பறக்கும்போது அக்கா தயாராக இருக்க வேண்டும். இன்று விட்டால் நாளை அது எங்கிருக்குமோ.

பக்கத்து டீக்கடையில் தே தாரிக் இரண்டு வெள்ளி ஐம்பது காசு. கொண்டுவந்த பாய் கேமராவைப் பார்த்தார்.

"குருவி புடிக்கிறீங்களா அக்கா?"

"புடிக்கல பாய். பாக்கறோம்."

"பாக்கறதுக்கா இவ்ளோ பெரிய கொழாய்? இருங்க, பழைய ரொட்டி இருக்கு, வீசறேன். ஒடனே பறக்கும்."

"வேணாம் பாய். வந்த விருந்தாளிய வெரட்டக்கூடாது."

"அதுவும் சரிதான். கடலுக்குக் கதவா இருக்கு? யாரு வேணா வரலாம்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் தானே தின்றார். அந்த வாக்கியத்தை நான் பத்திரமாக எடுத்துக்கொண்டேன்.

பத்தரை இருக்கும். பூச்சோங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மூன்று பெண்கள், ஒரு மாப்பிள்ளை. தீவுக்கு நண்டு சாப்பிடப் போகிறார்கள். நம் ஊரில் பெரிய கேமரா வைத்திருப்பவர் ஊருக்கே போட்டோகிராபர். அங்கிள் தன் கைப்பேசியை நீட்டினார்.

"அக்கா, எங்கள ஒரு படம் எடுத்துக் குடுங்க."

"அக்கா, பறவை..." என்று நான் காதோரம் இழுத்தேன்.

"எல்லாரும் சேந்து வந்திருக்காங்க, பாவம் லா." கேமராவை முக்காலித் தாங்கியில் விட்டுவிட்டு எழுந்துபோனார். நான் கடைசித் தூணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கிள் வரிசை அமைத்தார், கலைத்தார், மறுபடி அமைத்தார். "மூணு எண்ணுங்கக்கா!"

அக்கா இரண்டு எண்ணும்போது கரைக்கு வந்த படகு ஹாரன் அடித்தது. தூண்களெல்லாம் ஒரே நேரத்தில் காலியாயின. கேமரா ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம். ஆனால் கைப்பேசியை அழுத்திய விரலை மட்டும் அவர் எடுக்கவில்லை; அது வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டே இருந்தது.

படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். ஏழாவதோ எட்டாவதோ: அங்கிள் கண்ணை மூடி, வாயைத் திறந்து, இரண்டு விரலைக் காட்டுகிறார். அவர் தலைக்குச் சற்று மேலே, விரித்த வெள்ளை வாலும் மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டையுமாக அது. பின்னால் 'புலாவ் கெத்தாம்' பலகை. அக்கா சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். சிரித்ததில் கண் நிறைந்தது.

"என்னா பறவக்கா அது?"

"ஜப்பான் பக்கமிருந்து வந்தது அங்கிள்."

"அம்மாடி! பூச்சோங்லேருந்து வர்றதுக்குள்ளயே டோல்கேட்டு, ட்ராபிக் ஜாமுன்னு நாங்க செத்துட்டோம்."

படத்தைக் குழுவில் போடலாமா என்று அக்கா கேட்டார்.

"தாராளமா போடுங்க. என்னைய மட்டும் வெட்டிராதீங்க."

அவரே அங்கேயே அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பியும் வைத்தார்.

திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம். எங்கள் தெருவில் மோனோரயில் தூணுக்குத் தூண் காக்கையும் மைனாவும்தான்; யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. இனி நான் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா படத்தில் பறவையை மட்டும் வெட்டியெடுத்துக் குழுவில் போட்டிருந்தார். பதில் உடனே வந்தது: "கருவால்தான், சந்தேகமில்ல. ஆனா எங்க எடுத்தது? முழுப் படம் வேணும்."

"வெட்டாதீங்கன்னு அவரு சொன்னாரு, நான்தான் கேக்கல" என்று முனகிக்கொண்டே அக்கா முழுப் படத்தையும் அனுப்பினார். ஆறு பேர், பலகை, படகு, பறவை.

ரயில் கிள்ளானில் நின்று கிளம்பியது. பிறகு, கண்ணாடியை மாற்றச் சொன்ன அதே ஆள்: "மன்னிச்சுக்குங்கக்கா. வாழ்த்துகள். அந்த அங்கிள் யாரு?"

அக்கா ஒரே வார்த்தை தட்டினார்: "சாட்சி."