கோதுமை ஒட்டியிருந்த அச்சு

கரியாலூரில் ஒரு விடுதியில் நான் சமையல்காரன். தங்க வந்த யூதக் குடும்பத்துச் சிறுமிக்குக் கோதுமை துளி பட்டாலும் குடல் புண்ணாகிவிடும். அவர்கள் பண்டிகைக்குச் செய்யும் நூடுல்ஸ் இனிப்பை அவள் ருசித்தே வெகுநாளாம். அவள் அம்மா சொல்லச் சொல்ல, சாமை மாவை இடியாப்பமாகப் பிழிந்து, முட்டை, சர்க்கரை, திராட்சை கலந்து ஓவனில் சுட்டேன்.

கரண்டி அவள் வாயருகே போனபோதுதான், காலையில் அதே அச்சில் கோதுமை இடியாப்பம் பிழிந்தது நினைவு வந்தது. கரண்டியோடு தட்டையும் பிடுங்கினேன். பிறகே காரணம் சொன்னேன். சிறுமி அழுதாள்.

"ஏம்ப்பா, ஏன் வீணாக்குற? பக்கத்து டேபிளுக்குக் குடு" என்றார் முதலாளி.

கொடுத்தேன். அந்த டேபிள்காரர்கள் அவளெதிரிலேயே ருசித்துத் தின்றார்கள். அவளோ என்னையே முறைத்தாள். அவளுக்கு நல்லதுதான் செய்தேன். ஆனாலும் அங்கே அவள் வெறுத்தது என்னை மட்டும்தான்.