கேட்கக் கூடாத கேள்வி

குருநகர்க் கரையில் கடலுக்குப் போகிறவனைப் பார்த்து "எங்கை போறாய்?" என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் உருப்படாதாம். தப்பித் தவறி யாராவது கேட்டுவிட்டால், போகிறவன் அப்படியே வீட்டுக்குத் திரும்பி, சற்று நேரம் குந்தியிருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவான். ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற சனம்தான். ஆனால் இந்த விஷயத்தில் சுவாமியார் சொன்னாலும் கேட்காது.

ஸ்ரெல்லாவுக்கு இது எப்படித் தெரியும்? அவள் பட்டணத்துத் தையற்காரர் ஒருவரின் மகள். கலியாணமான நாலாம் நாள், வள்ளத்துப் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய புருஷன் சிமியோனிடம் ஆசையாகத்தான் கேட்டாள். அவன் முகம் கறுத்துப் போயிற்று. பாயை முற்றத்தில் எறிந்தான், தண்ணீர் குடித்தான், போனான். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. அவன் தமையன் அடைக்கலநாதன் வாசலில் நின்று, "உனக்கு வாய் சும்மா கிடவாதோ?" என்று ஏசிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவள் ஏன் கேட்கப் போகிறாள்!

மற்றப்படி சிமியோனைப்போலக் கவனமான ஆள் அந்தக் கரையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளூர்ச் சனத்தை ஆழமில்லாத பரவைக் கடலில் உல்லாசமாகச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போவது அவன் தொழில். வாய் அடைத்த வெறும் மண்ணெண்ணெய்த் தகரங்கள் இரண்டை ஆசனத்தின் கீழ் எப்போதும் கட்டி வைத்திருப்பான். வள்ளம் கவிழ்ந்தால் நீந்தத் தெரியாதவர்கள் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் இறைக்கச் சிரட்டை, மேலதிகக் கயிறு, குடிதண்ணீர், ஆபத்தென்றால் உயர்த்திக் காட்டச் சிவப்புச் சீலை, எல்லாம் இருக்கும். ஏழு பேருக்குமேல் ஏற்றமாட்டான். "உன்ரை வள்ளம் ஆஸ்பத்திரி மாதிரியெல்லோ கிடக்கு," என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். அத்தனையும் செய்தவன், போகிற இடத்தை மட்டும் ஒருவருக்கும் சொல்லமாட்டான். அந்தக் கரையில் ஒருவரும் சொல்வதில்லை.

முப்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் ஒரு ஞாயிறு, தெல்லிப்பழையிலிருந்து இராசநாயகம் என்ற கிளாக்கர் ஐந்து சிநேகிதர்களோடு வந்தார். இப்படி வருகிறவர்களை எல்லோரும் மண்டைதீவுக்குத்தான் கூட்டிப்போவார்கள். கிளாக்கருக்கோ பூநகரிப் பக்கத்து மணல் திட்டுக்களைப் பார்க்க ஆசை. சிமியோன் சரி என்றுவிட்டான். கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஸ்ரெல்லாவுக்கு இது கேட்கவில்லை. ஆழமான வாய்க்கால் மேற்கே போவதால் எந்த வள்ளமும் முதலில் மேற்கே போய்த்தான் வேறு பக்கம் திரும்பும். வள்ளம் மேற்கே போனதைக் கண்டாள், மண்டைதீவு என்று நினைத்துக்கொண்டாள். கேட்டால் என்ன என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

மத்தியானம் சோளகக் காற்றுப் பேயாய் அடித்தது. பொழுதுபட்டும் வள்ளம் வரவில்லை. கரையெல்லாம் சனம் கூடியது. "எங்கை போனவன்? சொல்லடி, எங்கை போனவன்?" என்று ஒவ்வொருவராக அவளைப் பிடித்து உலுக்கினார்கள். எந்தக் கேள்விக்கு அவளை ஏசினார்களோ, அதையே இப்போது ஊர் முழுக்க அவளிடம் கேட்டது. "மண்டைதீவாக்கும்," என்றாள். அடைக்கலநாதன் ஆறு வள்ளங்களைக் கூட்டிக்கொண்டு மண்டைதீவுக்கு ஓடினான். அன்று இரவு முழுவதும், மறுநாளும், அந்தப் பக்கத்துச் சேற்றைத்தான் துழாவினார்கள்.

சிமியோனின் வள்ளம் கவிழ்ந்து கிடந்ததோ தென்கிழக்கில். முறிந்த பாய்மரம் சேற்றில் குத்தி நின்றதால் அது கரைப்பக்கம் ஒதுங்கவுமில்லை. தகரங்களை நீந்தத் தெரியாத இரண்டு பேருக்குக் கட்டிவிட்டு, மற்றவர்களோடு அவன் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். சிவப்புச் சீலையைத் துடுப்பில் கட்டி உயர்த்தியிருந்தான். உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எல்லோருடைய கண்ணும் மேற்கே அல்லவா இருந்தது! திங்கள் பின்னேரம் பூநகரித் தோணிக்காரர் தற்செயலாகக் கண்டு கிட்டப் போனபோது நாலு பேருக்குத்தான் உயிர் இருந்தது. கிளாக்கரின் சிநேகிதர்களில் இரண்டு பேரும் சிமியோனும் போய்விட்டார்கள்.

செத்த வீட்டுக்கு வந்த இராசநாயகம் அவளுடைய முகத்தைப் பார்க்கமாட்டாமல் சொன்னார்: "திங்கள் மத்தியானம் வரைக்கும் கதைச்சுக்கொண்டுதான் இருந்தவர், அம்மா. 'அண்ணை மண்டைதீவிலைதான் தேடிக்கொண்டு நிப்பார்' எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னவர்." ஸ்ரெல்லா அப்போது அழவில்லை. தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாளே அவள் கரையில் வந்து நின்றாள். புறப்படுகிற ஒவ்வொரு வள்ளத்தையும் மறித்து, "எங்கை போறியள்? எத்தினை பேர்? எப்ப வருவியள்?" என்று கேட்டாள். ஐயோ, அவள் வாங்கிய ஏச்சு! "தாலியறுத்தவள் முன்னுக்கு நிக்கிறது காணாதெண்டு கேள்வி வேறை!" என்று காறித் துப்பினார்கள். சிலர் வீட்டுக்குத் திரும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வேறு துறையால் இறங்கினார்கள். அடைக்கலநாதன் ஒருமுறை துடுப்பை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டான். அவள் அசையவில்லை. ஆறு வருஷம் கேட்டாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வள்ளம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மறையும்வரை தானே பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வாள், அது திரும்பி வந்த பிறகுதான் உலை வைப்பாள்.

நாற்பத்திரண்டில் ஒரு ஞாயிறு, அடைக்கலநாதன் புதிதாகக் கலியாணம் செய்த தன் ஒரே மகளையும் சம்பந்தி வீட்டாரையும் கடல் காட்ட ஏற்றினான். மகள் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததும் மனிதனுக்கு என்ன வந்ததோ, கயிற்றை விட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து ஸ்ரெல்லாவிடம் வந்தான். கரையில் நின்றவர்கள் வாய் பார்த்தார்கள்.

"சிறுத்தீவுக்குப் போறம், பிள்ளை," என்றான்.

அவள் நம்பமாட்டாமல் பார்த்தாள். அவன் போகவில்லை.

"அண்டைக்குத் தம்பி சொல்ல வந்தவன், பிள்ளை. 'அண்ணை, நாங்கள் இண்டைக்கு…' எண்டு வாயெடுத்தவன். நான்தான், 'பொத்தடா வாயை, போற இடம் சொல்லாதை' எண்டு கையைக் காட்டினனான். என்ரை சொல்லைக் கேட்டுத்தான் பேசாமல் போனவன்."

ஆறு வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பாவி அவளை ஏசியிருக்கிறான்! ஸ்ரெல்லாவுக்கு அவன் முகத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது, கையும் எழுந்துவிட்டது. வள்ளத்திலிருந்து அந்தப் பெண் பிள்ளை இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்ரெல்லா கையை இறக்கினாள்.

"எத்தினை பேர்?" என்று கேட்டாள். "எப்ப வருவியள்?"