ஒலீட்டாவின் கைக்கு அமைந்த ரிவால்வர்

ஒலீட்டா ஸ்டக்கி அன்று காலையில் காப்பிக் கெண்டியைக் கீழே வைத்தவள்தான், மறுபடி எடுக்கவே இல்லை. எடுக்க நேரமும் இல்லை.

மிசௌரி மலைக்காட்டில் ஓடைக்கரையோரம் கருமருந்துத் துப்பாக்கிச் சங்கம் இலையுதிர்காலத்தில் கூடும். பத்தொன்பது வருஷமாக அங்கே அவளுக்கு ஒரே வேலை. சுட்ட காகிதத்தைக் கையில் வாங்கி, ஓட்டையை எண்ணி, மதிப்பெண் எழுதுவது. மற்ற நாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். புருஷன் வர்ஜில் சங்க அணியின் ஐந்து பேரில் ஒருவன். கூட்டம் கலைந்த பிறகு அவனுடைய பெரிய ரிவால்வரை வாங்கி அவளும் சுடுவாள். நன்றாகவே சுடுவாள். ஆனால் அது அவள் கைக்கு அமையாத துப்பாக்கி. ஒவ்வொரு வெடிக்கும் விசையைச் சுற்றிய வளையம் நடுவிரல் கணுவில் நறுக்கென்று குட்டும்.

அணியிலிருந்த ஹார்வ் போன மாதம் மகள் வீட்டோடு ஆர்கன்சாவுக்குப் போய்விட்டான். இடம் காலி. அன்று காலையில் ஒலீட்டா அணித் தலைவன் டாயில் மேப்ரிக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஹார்வோட எடத்தை எனக்குக் குடு, டாயில்."

"உனக்கா? அப்ப எண்ணுறது யாரு?"

"எண்ணத் தெரிஞ்சவன் எவனாச்சும் எண்ணட்டும். நான் சுடணும்."

டாயில் தாடியைச் சொறிந்தான். "எரவல் துப்பாக்கி ஆகாது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் போடும்னு உனக்கே தெரியும். சொந்தமா ஒண்ணு கொண்டா. மூணு மணிக்குப் பத்து குண்டு. நூத்துக்கு எழுபத்தஞ்சு எடுத்தா எடம் உனக்கு. இல்லேன்னா லெஸ்டருக்கு."

லெஸ்டர், டாயிலின் மச்சினன், சோள ரொட்டியை மென்றபடி சிரித்தான். "மூணு மணிக்குள்ள ஓடையில துப்பாக்கி மொளைக்குமா, ஒலீட்டா?"

அப்போதுதான் அவள் கெண்டியைக் கீழே வைத்தது.

அந்தக் கூட்டத்தில் துப்பாக்கி தேடுகிறவர்கள் போகிற இடம் மாற்றுப் போர்வை. மரத்தடியில் ஒரு பெரிய கம்பளிப் போர்வையை விரித்திருப்பார்கள். அங்கே காசை வெளியே எடுக்கவே கூடாது. ஒருவன் தன் பொருளை நடுவில் வைப்பான். வேண்டுமென்கிறவர்கள் அவரவர் பொருளை எதிரே வைப்பார்கள். பிடித்ததென்றால் கை குலுக்கல், முடிந்தது. குலுக்கிய கையைத் திரும்ப இழுக்கிறவன் அடுத்த வருஷம் அந்தப் பக்கமே தலை காட்ட முடியாது.

அன்று போர்வையில் மூன்று ரிவால்வர்கள் இருந்தன. மூன்றும் நகல்கள்தான். அந்தக் காலத்துப் போர்வீரன் இடுப்பில் தொங்கியதை அச்சு அசலாகப் பார்த்து இத்தாலியில் இப்போது செய்து அனுப்புகிறார்கள். மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் அடித்தால் பொறி தட்டும் 'கேப்' என்ற சின்னச் செப்பு மூடியை மாட்டிச் சுட வேண்டியவை. நகல்தானே, எதை எடுத்தால் என்ன என்று நினைக்கிறவன் சுட்டுப் பார்த்தவனில்லை.

வர்ஜிலின் கண் நேரே பித்தளைச் சட்டம் போட்டதன்மேல் போய் விழுந்தது. லெஸ்டர் கொண்டுவந்து வைத்தது அது. வெயிலில் தங்கமாக மின்னியது.

"ஹனி, இதப் பாரேன்! கல்யாண மோதிரம் மாதிரி ஜொலிக்குது!"

"நான் சுடப்போறேன் வர்ஜில், கட்டிக்கப் போகல."

அவள் அதைக் கையில் எடுத்தாள். உள்ளே காலி என்று பார்த்துக்கொண்டு, குண்டு உருளைக்குப் பின்னாலுள்ள பித்தளையை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். அங்கே வட்டமாக ஒரு தழும்பு. அளவுக்கு மீறி மருந்து போட்டுச் சுட்டவன் கைவேலை. எஃகு உருளை பின்னால் இடித்து இடித்துப் பித்தளையில் அச்சுப் பதித்திருக்கிறது. உருளையை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆடுகிற பல் மாதிரி ஆடியது.

"லெஸ்டர், இத எவ்வளவு காலமா அடிச்சுத் தொவைக்கிற?"

"கொஞ்சமாத்தான் சுட்டேன்."

"கொஞ்சமா சுட்டதுக்கே கொழந்தைக்குப் பல்லு விழுந்திருச்சு."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பித்தளையே ஆகாது என்றில்லை, மருந்தை அளவாகப் போட்டால் நாள் தாங்கும். ஆனால் அடுத்தவன் அடித்த அடியை வாங்கிய பித்தளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இரண்டாவது, மேலே எஃகுப் பாலம் ஓடுகிற பெரிய ரகம், வர்ஜிலுடையதைப் போல. உறுதிக்குக் குறையில்லை. அவள் ஆள் இல்லாத மலைச்சரிவைப் பார்த்து நின்றாள். கண்ணை மூடி, கையைத் தன்போக்கில் தூக்கி, பிறகு கண்ணைத் திறந்து பார்த்தாள். குழல் மூக்கு தரையை முகர்ந்துகொண்டிருந்தது. அதையும் வைத்துவிட்டாள்.

மூன்றாவதைத் தொட யாரும் இல்லை. நீலப் பூச்சு முழுக்கத் தேய்ந்து காய்ந்த இலை நிறத்தில் கிடந்தது. மேல்பாலம் இல்லாத, மெலிந்த குழல் கொண்ட கடற்படை ரகம். சின்னக் குண்டு.

"அது வேணாம் ஹனி," என்றான் வர்ஜில். "வெடிச்ச கேப் உள்ள விழுந்து சிக்கிக்கும். எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லாருக்கும் என் கை இருக்கா?"

கண்ணை மூடினாள். தூக்கினாள். திறந்தாள். சரிவில் நின்ற ஹிக்கரி மரத்தின் கணு ஒன்றில் குழல் நுனியிலுள்ள முன்குறி பொட்டு வைத்தாற்போல் உட்கார்ந்திருந்தது. மறுபடி மூடினாள், தூக்கினாள், திறந்தாள். அதே கணு! கேப்பை அடிக்கும் சுத்தியலை இழுத்துப் பார்த்தாள். சொடக்குகள் சுத்தமாக விழுந்தன. கட்டைவிரலால் பிடித்தபடியே பூப்போல அதைக் கீழே இறக்கினாள்.

போர்வைக்கு அந்தப் பக்கம் மடக்கு நாற்காலியில் இருந்த பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். துப்பாக்கி அவளுடையது. இமோஜீன் என்று பேர், எழுபது வயசு இருக்கும்.

"காலையிலேர்ந்து ரெண்டு பேரு இதக் கேட்டாங்க," என்றாள். "ரெண்டு பேரும் வெறுமனே டக்கு டக்குன்னு அடிச்சுப் பாத்தானுங்க. கேப் மாட்டுற காம்பு நசுங்கிப்போவாதா? இல்லைன்னுட்டேன். நீ ஒருத்திதான் அடிக்கல. என்ன வெக்கிற?"

ஒலீட்டாவிடம் என்ன இருக்கிறது? நாலு பாட்டில் ஆப்பிள் களி வைத்தாள். இமோஜீன் தலையசைக்கவில்லை. ஊறுகாய் வெண்டை இரண்டு பாட்டில். அசையவில்லை. அவள் பார்வை வர்ஜிலின் தோளில் தொங்கிய மான்தோல் பையிலேயே நின்றது. ஒலீட்டா தன் கையால் தைத்த பை.

"வேணாம்," என்றான் வர்ஜில், யாரும் கேட்கும் முன்னாலேயே.

"வர்ஜில்."

"பன்னண்டாவது கல்யாண நாளுக்கு நீ குடுத்தது!"

"குடுத்தவ கேக்குறேன். இன்னொண்ணு தைக்க எனக்குக் கை இருக்கு. இன்னொரு மூணு மணி வராது."

வர்ஜில் பையைக் கழற்றினான். உள்ளே இருந்த கேப் டப்பா, மருந்தளக்கும் குழாய், பாதி கடித்த இறைச்சி வற்றல் எல்லாம் அவன் சட்டைப் பைகளுக்குள் போயின. இமோஜீன் தோலைத் தடவிப் பார்த்தாள், தையலை இழுத்துப் பார்த்தாள், கையை நீட்டினாள். ஒலீட்டா குலுக்கிய குலுக்கலில் அந்த நாற்காலியே ஆடியது.

மணி இரண்டு. பழகும் மேடைக்கு ஓடினார்கள். ஒலீட்டா ஐந்து அறையில் குண்டு போட்டு, ஆறாவதைக் காலியாக விட்டு, அறைகளின் வாயில் கொழுப்புப் பூசிச் சுட்டாள். காகிதத்தில் கறுப்பு வட்டம் கன்னி கழியாமல் இருந்தது. ஓட்டைகள் ஐந்தும் ஒரு சாண் மேலே, உள்ளங்கை அகலத்துக்குள் நெருங்கி உட்கார்ந்திருந்தன.

"போச்சு, எல்லாம் மேல!" வர்ஜில் எங்கிருந்தோ ஓர் அரத்தைக் கொண்டுவந்துவிட்டான். "முன்குறியத் தேச்சுக் கொஞ்சம் கொறைப்போம்."

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்! அதக் கொறைச்சா இன்னும் மேலதான்யா போகும். இத்தனை வருஷம் சுட்டு என்னத்தக் கத்துக்கிட்ட?"

வர்ஜில் அரத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"அஞ்சும் ஒரே எடத்துல இருக்கு பாத்தியா? எங்க போடுதுன்னு தெரிஞ்சு போச்சு. நான் ஒரு சாண் கீழ பாத்துட்டுப் போறேன்."

அடுத்த சுற்றில் வர்ஜில் சொன்னபடியே வெடித்த கேப் ஒன்று சுத்தியல் இடுக்கில் விழுந்து சிக்கியது. அவன் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து இமோஜீனின் குரல் வந்தது. புதுப் பை தோளில். "சுட்ட பெறகு மூக்க வானத்துக்குக் காட்டிச் சுத்தியல இழு, பொண்ணே. கேப்பு பின்னால கொட்டிரும்."

மூன்று மணிக்கு மேடையைச் சுற்றிக் கூட்டம். ஒலீட்டா கறுப்பு வட்டத்தைப் பார்க்கவே இல்லை. அதற்குக் கீழே, காகிதத்தின் அடிவிளிம்பில் குத்தியிருந்த ஆணியைப் பார்த்துச் சுட்டாள். வெடி, வெள்ளைப் புகை, மூக்கு வானத்துக்கு, சுத்தியல் இழுப்பு. ஐந்து. நிரப்பினாள். மறுபடி ஐந்து. ஒரு கேப்பும் சிக்கவில்லை. நடுவிரலில் ஒரு குட்டும் இல்லை. பத்தாவது குண்டும் போன பிறகு துப்பாக்கியை மேடையில் வைத்தாள்.

டாயில் காகிதத்தைக் கொண்டுவந்தான். எண்ண ஆளில்லாமல் லெஸ்டரே எண்ணினான். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான்.

"ஒம்போது ஓட்டை. அறுபத்தேழு. ஒண்ணு காட்டுக்குப் போயிருச்சு, ஒலீட்டா."

வர்ஜிலின் முகம் தொங்கிப் போயிற்று.

"போகல," என்றாள் ஒலீட்டா.

"ஓட்டை இல்லையே!"

"பத்தொம்போது வருஷம் உன் ஓட்டைய எண்ணினவ நான். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருக்கு. குடு அத."

காகிதத்தை வெயிலுக்கு நேரே பிடித்தாள். ஒன்பதாம் வளையத்தில் ஒரு ஓட்டை, முட்டை மாதிரி நீண்டிருந்தது. மருந்துப் புகை படிந்த விரலால் புதுக் குண்டு ஒன்றை எடுத்து அதில் பொருத்தினாள். ஒரு பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. மறு பக்கம் பிறை போல் வெளிச்சம் எட்டிப் பார்த்தது. குண்டை அந்தப் பக்கம் நகர்த்தினாள். அங்கேயும் கச்சிதம், இப்போது பிறை இந்தப் பக்கம்.

டாயில் குனிந்தான். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தான். லெஸ்டரையும் கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தான்.

"என்ன சொல்ற, மச்சான்?"

லெஸ்டர் நெடுநேரம் பார்த்தான். வேண்டுமென்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ரெண்டுதான்," என்றான் கடைசியில். "ரெண்டேதான். சனியன், ரெண்டும் ஒரே பொந்துல!"

"அப்ப இன்னொரு ஒம்போது. எழுபத்தாறு," என்றான் டாயில். "அணி அடுத்த சனிக்கெழமை ஆத்துக்கு அந்தப் பக்கம் போட்டிக்குப் போவுது. எட்டு மணிக்கு வண்டி கெளம்பும்."

வர்ஜில் தொப்பியை எடுத்து மரத்துக்கு மேலே வீசினான். அது கிளையில் மாட்டிக்கொண்டது. ஒலீட்டா அதைப் பார்க்கவில்லை. குண்டு டப்பாவைத் திறந்து அடுத்த ஐந்தை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு?" என்றான் டாயில். "முடிஞ்சுதே!"

"வெளிச்சம் இருக்கில்ல? தள்ளி நில்லு."